கணக்குக் காணொளி என்றால் மட்டும் ஏன் விலகுகிறான்?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன் எரிமலை, இதயம் என்று தானே தேடிக் காணொளி பார்க்கிறான். கணக்குப் பாடத்துக்கு நான் போட்டுக் கொடுத்தால் மட்டும் ஐந்து நிமிடம்கூட உட்காருவதில்லை. அவனுக்கென்று தனியாக ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் மாறுவானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: டேப்லெட் வாங்கிக் கொடுப்பதால் இது மாறாது என்றே நினைக்கிறேன். எரிமலையைத் தேடும்போது அவனிடம் ஒரு கேள்வி இருக்கிறது. விடை கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போகலாம். கணக்குக் காணொளியோ, பள்ளிவிட்டுக் களைத்து வந்தவனுக்கு இன்னொரு வகுப்பு. அதிலும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத வகுப்பு.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத காரணம் ஒன்றும் உண்டு. ஓர் எண்ணுடன் 5-ஐக் கூட்டினால் 12 வருகிறது என்ற சமன்பாட்டில், 5-ஐ மறுபக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார்; காணொளியில் வருபவரோ இருபுறமும் 5-ஐக் கழிக்கச் சொல்வார். இரண்டும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, எந்த முறையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்ற கவலைதான் முதலில் வரும். ஆகவே, கண்ணில் பட்டதைப் போடாமல் அவனுடைய பாடநூலிலிருந்தே தொடங்குங்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் விரைவுக் குறியீட்டை (QR code), மத்திய அரசின் கல்வித் தளமான திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்தையொட்டிய வளங்கள் திறக்கும்.

நிறைந்த வகுப்பில் எழுந்து, "மறுபடி சொல்லுங்க சார்" என்று கேட்கக் கூசும் வயது இது. காணொளியை எத்தனை முறை பின்னால் தள்ளினாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை என்பதால், கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். விடுப்பில் இருந்து பாடத்தைத் தவறவிட்டவர்களுக்கும் அப்படித்தான்.

ஆனால் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், தானே போட்டால் வராது. எனவே, தவறிய கணக்கை முதலில் நோட்டில் போடச் சொல்லி, எந்த வரியில் நின்றுவிட்டான் என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் ஓடவிட்டு, விடை வருமுன் நிறுத்தி, அடுத்த வரியை அவனையே எழுதச் செய்யுங்கள். மூன்று நிமிடத்தில் பிடிபட்டால் மூடிவிடட்டும். தினம் அரைமணி நேரம் பார்த்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். இதற்கு உங்கள் கைப்பேசியே போதும், அந்த நேரத்தில் அறிவிப்புகள் வராமல் நிறுத்தி வைத்தால்.

இதற்குப் பிறகும் விலகினால், முன் வகுப்புகளில் படித்த பின்னமோ முழுக்களோ அவனுக்குப் பிடிபடாமலே நின்றிருக்கலாம். அப்போது கணக்கு ஆசிரியரை நேரில் பார்த்து, எந்த வகுப்புப் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள்.