மரநத்தை குறைகிறதா? முதலில் காலி ஓடுகளைப் பொறுக்குங்கள்

கேள்வி: வெப்பமண்டலத் தீவு ஒன்றில் சில ஏக்கர் காட்டை எங்கள் குழு பராமரிக்கிறது. முன்பு இலைக்கு இலை தென்பட்ட உள்ளூர் மரநத்தைகள் இப்போது அரிதாகிவிட்டன. காட்டோரத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை பெருகிக் கிடக்கிறது. அதற்கு மருந்துக் குருணை போடலாமா? அதைத் தின்னும் வேறொரு நத்தையைக் கொண்டுவந்து விடலாமா? மிச்சமிருக்கும் மரநத்தைகளை வீட்டில் வளர்த்துப் பெருக்க முடியுமா?

பதில்: மூன்றுமே வேண்டாம்.

இரண்டாவது யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது ஏற்கெனவே செய்துபார்க்கப்பட்ட ஒன்று. ராட்சத நத்தையை ஒழிக்கத்தான் யூக்லாண்டினா என்ற ஓநாய் நத்தையை ஹவாயில் 1955இல் விட்டார்கள். பிறகு தென்பசிபிக் தீவான தாஹிதியில் 1974இல், பக்கத்துத் தீவான மூரியாவில் 1977இல். அது மற்ற நத்தைகளின் சளித் தடத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே மரத்தில் ஏறும். சின்ன நத்தையாக இருந்தால் ஓட்டோடு விழுங்கிவிடும். ராட்சத நத்தை இன்றும் அந்தத் தீவுகளில் இருக்கிறது. மூரியாவின் பார்ட்டுலா மரநத்தைகளோ பத்தே ஆண்டுகளில் காட்டிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டன. நத்தை தின்னும் நியூகினித் தட்டைப்புழுவின் கதையும் இதேதான். ஜப்பானின் ஒகசவாரா தீவுக்கூட்டத்தில் சிச்சிஜிமா தீவின் உள்ளூர் நத்தைகளை அது கிட்டத்தட்ட முழுதாகவே தின்று தீர்த்தது.

உள்ளூர் நத்தை ஏன் இப்படிச் சட்டென்று சரிகிறது? ராட்சத நத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஹவாய் மரநத்தை முட்டையே இடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குட்டி போடும், அந்தக் குட்டி பருவமடையச் சில ஆண்டுகள் ஆகும். ஒரே இரவில் ஓர் எலி பத்துப் பெரிய நத்தைகளைத் தின்றால், அந்த மரத்தின் பல வருடச் சேமிப்பு போயிற்று. இத்தனைக்கும் இவை செடிக்குக் கெடுதல் செய்வதில்லை. இலைமேல் படியும் பூஞ்சைப் படலத்தைத்தான் சுரண்டித் தின்கின்றன.

அதனால் முதல் வேலை, உங்கள் நத்தைகளைக் கொல்வது யார் என்று கண்டுபிடிப்பது. மரத்தடியில் கிடக்கும் காலி ஓடுகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். ஓரம் கரடுமுரடாக உடைந்தோ கடிபட்டோ இருந்தால் பெரும்பாலும் எலி. ஓடு உடையாமல் உள்ளே மட்டும் சுத்தமாகக் காலியாக இருந்தால் ஓநாய் நத்தை அல்லது தட்டைப்புழு மேல் சந்தேகப்படலாம். முதுமையில் செத்த நத்தையின் ஓடும் முழுசாகத்தான் கிடக்கும். ஆகவே ஒன்றிரண்டு ஓட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குட்டிகளின் ஓடே கிடைக்கவில்லை என்பதற்காக நிம்மதியடையவும் வேண்டாம், விழுங்கப்பட்டிருக்கலாம்.

எலிதான் என்றால் பெட்டிக்குள் வைத்த எலிப்பொறிகள் போதும். பெட்டி எதற்கென்றால், தரையில் மேயும் பறவைகள் மாட்டக் கூடாது. ஒரு மாதம் பிடித்துவிட்டு நிறுத்தினால் சுற்றுக்காட்டிலிருந்து புது எலிகள் வந்துவிடும், தொடர்ந்து வைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: எலி ஓநாய் நத்தையையும் தின்னும். எலி குறைந்த பிறகு அது தலைதூக்குகிறதா என்று கவனியுங்கள்.

ஓநாய் நத்தை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால், நத்தைகள் மிஞ்சியிருக்கும் சில மரங்களைச் சுற்றி வேலி கட்டுவதுதான் வழி. ஹவாயில் 1990களிலிருந்து இதைச் செய்கிறார்கள். இப்போதைய வேலிகளில் கீழ்நோக்கிச் சாய்ந்த தகடு, வெட்டிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் செம்பு வலை, மெல்லிய மின்கம்பி என்று அடுத்தடுத்துத் தடைகள் இருக்கும். செலவு அதிகம். விழுந்த ஒரு கிளை வேலிக்குப் பாலமாகிவிடும் என்பதால் அடிக்கடி போய்ப் பார்க்க ஆளும் வேண்டும்.

மருந்துக் குருணைக்கு உள்ளூர், வெளியூர் என்ற பேதம் தெரியாது. மெட்டால்டிஹைடு ஆனாலும் இரும்பு பாஸ்பேட் ஆனாலும் சரி, சருகுக்குள் வாழும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நத்தைகளையும் சேர்த்தே கொல்லக்கூடும். ராட்சத நத்தையை இரவில் கையுறை போட்டுக் கையால் பொறுக்குவதே மேல். அதன் உடலில் எலி நுரையீரல் புழு இருக்கலாம், அது மனித மூளையைத் தாக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். பொறுக்க வருபவர்களுக்கு உள்ளூர் இனங்களின் படத்தை முன்பே காட்டிவிடுங்கள்.

வீட்டு வளர்ப்புக்கு வருவோம். ஹவாயில் அக்கட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற இனத்தின் கடைசி நத்தை 2019 ஜனவரி முதல் தேதி ஆய்வகத்தில்தான் இறந்தது. பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனம் 1996இல் லண்டன் உயிரியல் பூங்காவில் ஒட்டுண்ணி தாக்கி முற்றாக அழிந்தது. அனுபவசாலிகள் கையிலேயே இப்படி. ஆனால் லண்டன் உள்ளிட்ட உயிரியல் பூங்காக்கள் காப்பாற்றி வைத்த மற்ற பார்ட்டுலா இனங்கள் 2015 முதல் தீவுகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. ஓட்டில் ஒரு சொட்டுப் பெயின்ட் அடையாளத்தோடு. எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டால் வனத்துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள். பக்கத்துக் காட்டுக்கு மாற்றுவதும் கூடாது, நோயும் கூடவே போகும்.

பலர் கோட்டைவிடுவது நாற்றுத் தொட்டியில். நல்லெண்ணத்தோடு நடும் மரக்கன்றின் வேர்மண்ணில் நத்தை முட்டையும் தட்டைப்புழுவும் ஏறி வரும். காட்டுக்குள்ளேயே நாற்றங்கால் போட முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் மண்ணை உதறி, வேரைக் கழுவிக் கொண்டுவாருங்கள். செருப்பு, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். காட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சருகையும் விழுந்த கட்டையையும் அகற்றாதீர்கள்.

அப்புறம், எண்ணுவது. மழை பெய்த இரவில், குறித்துவைத்த அதே மரங்களில், அதே எண்ணிக்கை ஆட்கள், அதே நேர அளவு. பட்டையில் ஒட்டி உறங்கும் நத்தையைப் பிடுங்கினால் ஓட்டின் வாயோரம் உடையலாம்; படம் மட்டும் எடுங்கள். ஓட்டின் நீளத்தையும் எழுதிவையுங்கள். மொத்த எண்ணிக்கை ஏற நாளாகும். அதற்கு முன்பே சிறிய ஓடுகள் குறிப்பேட்டில் தெரிய ஆரம்பிக்கும்.