உளவுத்துறை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? (கடிதம்)

வணக்கம். போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய கட்டுரையில் உளவு அமைப்புகளை நாடாளுமன்றம் கண்காணிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் எம்.பி.க்களிடம் காலையில் ஒரு ரகசியத்தைச் சொன்னால் மாலையில் டிவியில் ஓடும். தவறு நடந்தால் கேட்க நீதிமன்றம் இருக்கிறது. மேலே பிரதமரும் உள்துறை அமைச்சரும் இருக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு குழு எதற்கு? அமெரிக்காவில் அப்படிக் குழுக்கள் இருந்தும், அங்கே உளவு வேலையில் இருந்த ஸ்னோடன் சொன்ன பிறகுதானே அரசு மக்களின் தரவுகளை ரகசியமாகச் சேகரித்த விஷயம் உலகத்துக்கே தெரிந்தது?

எஸ்.கே., ஓசூர்

அன்புள்ள எஸ்.கே.,

நீதிமன்றத்திலிருந்தே தொடங்குகிறேன். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் இஸ்ரோவில் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜின் திட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். ராக்கெட் ரகசியங்களை விற்றதாக 1994 நவம்பர் 30 அன்று கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. ஐம்பது நாள் சிறை. மத்திய அரசின் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். அந்த விசாரணையில் அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்தார். 1996லேயே சி.பி.ஐ. இந்த வழக்கு பொய் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னதும், அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழு அமைத்ததும் 2018 செப்டம்பரில். அதன் தொடர்ச்சியாக 2021ல் சி.பி.ஐ. பதிந்த வழக்கில்தான் முன்னாள் ஐ.பி. அதிகாரிகளின் பெயர்கள் வந்தன.

கைது நடந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயதுகூட முடியவில்லை. தீர்ப்பு வந்தபோது எழுபத்தாறு. நீதிமன்றம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் யாராவது பாதிக்கப்பட்டு, வழக்குப் போட்டு, சாகாமல் காத்திருந்தால்தான் அது பேசும். தன் போன் ஒட்டுக்கேட்கப்படுவதே தெரியாதவர் எந்த வழக்கைப் போடுவார்?

பிரதமரும் அமைச்சரும் இருக்கிறார்களே என்பதற்கு வருகிறேன். ஐ.பி. 1887ல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ 1968ல் ஆர்.என். காவ் தலைமையில் பிறந்தது. இரண்டுக்குமே நாடாளுமன்றம் இயற்றிய தாய்ச்சட்டம் கிடையாது. 1985ல் ஒரு சட்டம் வந்தது. அது அந்த ஊழியர்கள் சங்கம் வைக்கக்கூடாது, பத்திரிகையிடம் பேசக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளுக்காக வந்தது. அந்த அமைப்புகள் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அது சொல்லவில்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில் இவற்றுக்கு விலக்கு உண்டு. போன் ஒட்டுக்கேட்பை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசில் உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலர். அது சரியா என்று பிறகு பார்ப்பது அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு. அதில் நீதிபதியும் இல்லை, எதிர்க்கட்சிக்காரரும் இல்லை. 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. உளவு அமைப்பைப் பயன்படுத்துகிற அரசே அதற்குக் கண்காணிப்பாளராகவும் இருக்கிறது. நெருக்கடி நிலையில் என்ன நடந்தது என்று ஷா கமிஷன் விசாரித்தது நமக்குத் தெரியும். அந்தக் கமிஷன் வருவதற்கே ஆட்சி மாற வேண்டியிருந்தது.

எம்.பி.க்கள் வாயைத் திறந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய எதிர்க்கட்சி எம்.பி. நாளைக்கு உள்துறை அமைச்சராவார். அன்று அவரிடம் எல்லா ரகசியத்தையும் நம்பித்தானே கொடுக்கிறோம்? 2004ல் ‘ரா’வின் மூத்த அதிகாரி ரவீந்தர் சிங் நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினாரே, அந்த ரகசியங்கள் எந்த எம்.பி. வழியாகவும் போகவில்லை.

பிரிட்டனைப் பாருங்கள். 1994ல் சட்டம் போட்டு நாடாளுமன்ற உளவு, பாதுகாப்புக் குழுவை அமைத்தார்கள். ஒன்பது பேர், இரு அவைகளிலிருந்தும். ரகசியக் காப்புச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும். ரஷ்யத் தலையீடு பற்றிய அவர்களது அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமரிடம் போய் மாதக்கணக்கில் வெளிவராமல் கிடந்தது. 2020 ஜூலையில் புதிய குழு கூடியபோது, பிரதமர் விரும்பிய ஆளை விட்டுவிட்டு, எதிர்க்கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடு ஜூலியன் லூயிஸ் தலைவரானார். அவரும் ஆளும் கட்சிக்காரர்தான். கட்சி அன்றே அவரைத் தன் எம்.பி.க்கள் அணியிலிருந்து நீக்கியது. உளவுக் குழுவின் தலைவர் பதவியில் அவர் தொடர்ந்தார். ஒரு வாரத்துக்குள் அறிக்கை வெளியே வந்தது. கட்சியை மீறி ஒருவர் நிற்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய துணிச்சல் மட்டுமில்லை, நிற்பதற்குச் சட்டப்படி ஓர் இடம் அங்கே இருந்தது.

நம்மிடம் 2021 ஜூலை 28ல் என்ன நடந்தது? பெகாசஸ் செய்தி வெளியாகிப் பத்து நாள். சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு கூடியது. ஆளும் கட்சி உறுப்பினர்கள் வந்தும் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, இல்லாமல் கூட்டம் நின்றது. அழைக்கப்பட்ட அதிகாரிகளும் வரவில்லை. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு சொன்னதாகத் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஸ்னோடன் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1975ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு (சர்ச் கமிட்டி), கியூபாவின் காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. போட்ட திட்டங்களையும் மார்ட்டின் லூதர் கிங்கை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டதையும் வெளியே கொண்டுவந்தது. அதிலிருந்துதான் நிரந்தரக் குழுக்கள் பிறந்தன. ஆனால் 2013 மார்ச்சில், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவுகளைச் சேகரிக்கிறீர்களா என்று செனட்டர் வைடன் வெளிப்படையாகக் கேட்டபோது, உளவுத்துறை இயக்குநர் கிளாப்பர் இல்லை என்றார். அது பொய் என்று வைடனுக்குத் தெரியும், ரகசியம் என்பதால் வெளியே சொல்ல முடியவில்லை. ஆக, குழு இருந்தால் மட்டும் போதாது என்பது உண்மை. தனக்குத் தெரிந்ததில் எதைச் சபையில் சொல்லலாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் குழுவுக்கு வேண்டும். அமெரிக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். குழுவே வேண்டாம் என்ற முடிவுக்கு அது என்னைக் கொண்டுபோகவில்லை.

நடந்துகொண்டிருக்கும் உளவு வேலையின் விவரங்களை எம்.பி.க்களிடம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த அமைப்புகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும். பணம் எங்கே போகிறது, எத்தனை பேரை எந்த அடிப்படையில் ஒட்டுக்கேட்கிறார்கள், முடிந்துபோனவற்றில் என்ன தவறு நடந்தது என்று கேட்க எதிர்க்கட்சியும் உள்ள ஒரு சிறு குழு வேண்டும். இது புதுப் பேச்சும் இல்லை. குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஹமீத் அன்சாரி 2010ல் ஆர்.என். காவ் நினைவுச் சொற்பொழிவிலேயே நாடாளுமன்றக் கண்காணிப்பைக் கேட்டார். 2011ல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அப்போது அவர் ஆளும் கட்சி. அப்படியும் அது சட்டமாகவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் ஆட்சியில் இருக்கும்போது இதை விரும்புவதில்லை.

சட்டம் இருந்தால் முதலில் பலன் அடைபவர்கள் நேர்மையான உளவு அதிகாரிகள்தான் என்று நம்புகிறேன். ஓர் அமைச்சர் வாய்மொழியாக, ‘அந்த ஆளின் போனைக் கேளு’ என்றால், சட்டம் இடம் தரவில்லை ஐயா என்று சொல்ல இன்று அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.