காய்ச்சலும் பாய்ச்சலும் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்கு சொந்தமா 5 மா நெலம் (ஒண்ணரை ஏக்கருக்கு கொஞ்சம் மேல), வீட்டுக்காரர் அதோட கொஞ்சம் குத்தகைக்கும் எடுத்து பாக்கறாரு. ரெண்டு புள்ளைங்க, கடன் கெடையாது, ஓட்டு வீடுதான் ஆனா ஒழுகாது. போன வருஷம் வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். என் ஓர்ப்படியா வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, எதுத்தாப்புலயே மாடி வீடு கட்டி, கிரானைட் போட்டு, மாடுலர் கிச்சன் வச்சு கிரகப்பிரவேசம் பண்ணாங்க. நான்தான் முன்ன நின்னு எல்லா வேலையும் பாத்தேன். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து அடுப்படிய பாத்தா அழுகையா வந்துருச்சு. அதுலேந்து எத பாத்தாலும் கொறையாவே தெரியுது. கோயில் சொற்பொழிவுல ஆசைய விட்டா ஆனந்தம்னாங்க, எப்படி விடுறதுன்னு மட்டும் சொல்லல. நீங்களாவது சொல்லுங்க. (பேர் போட வேணாம்னு எழுதின வாசகி, பாபநாசம் பக்கம்)

பதில்: அம்மாடி, அன்னைக்கு காலைல அதே அடுப்படில காபி போட்டு குடிச்சுட்டுதான கெளம்பி போயிருப்பீங்க, அப்ப அழுகை வரல. ராத்திரிக்குள்ள அந்த அடுப்படி ஒரு செங்கல் கூட நகரல. கொறைன்னு ஒண்ணு எங்கேந்து வருதுன்னு இதுக்கு மேல யாரும் வெளக்க முடியாது, ஒங்க லெட்டர்லயே இருக்கு. ஆனா தெரிஞ்சுகிட்டா மட்டும் போயிடாதுங்கறதும் எனக்கு தெரியும், அதனால எங்கப்பா கதைய சொல்றேன்.

எங்க தாத்தாவுக்கு ஒரு வேலி நெலம் இருந்துச்சாம், 20 மா, ஏக்கர் கணக்குல ஆறரைக்கு மேல வரும். அத்தைங்க கல்யாணம், வைத்தியம், கோர்ட்டுன்னு 13 மாவ வித்தப்போ எங்கப்பாவுக்கு 10 வயசு, அவரு தலையெடுத்தப்போ மிச்சம் 7 மாதான். வித்ததெல்லாம் வாய்க்காலுக்கு அந்தாண்ட. சாயங்காலம் ஆனா அப்பா மதகு கட்டைல போயி உக்காந்துருவாரு, எங்க வயலுக்கு முதுக காட்டிகிட்டு, அந்தாண்டயே பாத்துகிட்டு. நல்லா வெளைஞ்ச வருஷத்துல கூட "அது மட்டும் இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சுருவாரு. அந்த 7 மா நெல்லதான் வீட்ல 9 பேரு சாப்புட்டோம், அதப்பத்தி அவரு நல்லதா ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதில்ல.

அவரு போன பெறகு அந்த ஏக்கம் பட்டா மாத்தாமலே என் பேருக்கு வந்துருச்சு. நான் கூட்டுறவு சொசைட்டில கணக்கு எழுதினவன், ரிட்டயர் ஆன காசு கைக்கு வந்தோன்ன எப்படியாவது அந்த 13 மாவ வாங்கிடணும்னு ஒரே வெறி. அவங்களும் விக்கறோம்னாங்க. ஐப்பசி அடமழையில, சாவகாசமா பாத்துட்டு வருவோம்னு குடைய புடிச்சுகிட்டு போறேன், சுத்துப்பட்டு வயல்ல எல்லாம் தண்ணி வடிஞ்சு போச்சு, இங்க மட்டும் முட்டி அளவுக்கு நிக்குது, பயிரு அழுகி நாத்தம் அடிக்குது. பள்ளக்கால். வடிகால் தூந்து போயி எத்தனையோ வருஷமாம். பக்கத்து வயல்ல வரப்பு வெட்டிகிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் சிரிக்கிறாரு, "ஒங்க தாத்தா என்ன வெவரம் கெட்டவரா தம்பி, நல்ல நெலத்த வச்சுகிட்டு பள்ளக்காலத்தான வித்தாரு"ன்னு. எனக்கு அப்படியே வரப்புல உக்காரணும் போல ஆயிடுச்சு, ஒக்கார முடியாது சேறு.

வாங்கல. சரி, அதோட நிம்மதி வந்துருச்சான்னு கேளுங்க, வரல. ரெண்டு மாசம் ஆளு என்னமோ மாதிரி இருந்தேன், ஏங்கறதுக்கு ஒண்ணும் இல்ல, சாயங்காலம் எங்க பாத்து உக்காரறதுன்னு தெரியல. இத எந்த சொற்பொழிவுலயும் சொல்ல மாட்டாங்க, ஆசையும் ஒரு தொணைதான், அது போச்சுன்னா வீடு காலியான மாதிரி இருக்கும், அந்த காலிய பாத்து பயந்துகிட்டே நாம வேற ஒண்ண கொண்டாந்து ரொப்பிடுவோம். நான் ஷோரூமுக்கு போன் பண்ணி கார் வெல விசாரிக்க ஆரம்பிச்சுட்டேன். எனக்கு கார் ஓட்டவும் தெரியாது.

ஒங்க வீட்டுக்காரர கேளுங்க, காய்ச்சலும் பாய்ச்சலும்னா என்னன்னு. நெல்லுன்னா எப்பவும் தண்ணி நிக்கணும்னு புதுசா பயிர் வைக்கறவன் நெனப்பான். அப்படி இல்ல, நட்டு வேர் புடிச்ச பெறகு, கட்டின தண்ணி வத்தி மண்ணு முடி கனத்துக்கு வெடிப்பு விட்டதுக்கப்பறம்தான் அடுத்த தண்ணி, அப்பதான் வேருக்கு காத்து போகும், கீழ எறங்கும், தூர் நல்லா கட்டும். பழக்கம் இல்லாதவன் அந்த மொத வெடிப்ப பாத்தோன்ன பதறிப்போயி மடைய தொறந்து விட்டுருவான். பழகினவன் வரப்புல நின்னு பாத்துட்டு பேசாம டீ குடிக்க போயிருவான். ஆனா ஒண்ணு, அதே பயிரு கதிர் வாங்கி பூக்கற நேரத்துல காய விட்டீங்கன்னா நெல்லு பதராயிடும். அப்ப வந்து "பொறு, காய்ச்சல் பயிருக்கு நல்லது"ன்னு ஒருத்தன் சொன்னா அவன மம்மட்டியால அடிச்சாலும் தப்பில்ல.

ஒங்க கிச்சன் அந்த முடி கனத்து வெடிப்பு, அவ்வளவுதான். புள்ளைங்க படிப்பு, ஒடம்புக்கு வைத்தியம், வர வேண்டிய பயிர் இன்சூரன்ஸ் காசு, இதெல்லாம் பூக்கற நேரத்து தண்ணி, அதுக்கு ஆசைன்னு பேரு வைக்கக்கூடாது, சண்ட போட்டாவது வாங்கணும். இல்லாதவன பாத்து ஆசைய விடுன்னு சொல்றவங்க மேல எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம் உண்டு, பெரும்பாலும் அவங்க வீட்ல ஏசி ஓடிகிட்டு இருக்கும்.

எப்படி விடுறதுன்னு கேட்டீங்கல்ல. விட வேணாம். ஒரு போகம் தள்ளி போடுங்க, குறுவைன்னா 110, 120 நாள்ல அறுத்துடலாம், அதுவரைக்கும் கிச்சன் வேணும்னும் முடிவு பண்ணாதீங்க வேணாம்னும் முடிவு பண்ணாதீங்க. நடுவுல மனசு பதறும், பதறட்டும், மடைய மட்டும் தொறக்காதீங்க. எனக்கு அந்த கார் ஆச அப்படித்தான் காஞ்சு போச்சு, ஒரு நாள் யோசிச்சு பாத்தா அதப்பத்தி நெனச்சே மூணு வாரம் ஆயிருந்துச்சு. இப்ப சாயங்காலம் அதே மதகு கட்டைலதான் உக்காருறேன், இந்தாண்ட பாத்து.

இன்னொண்ணு, ஓர்ப்படியா வீட்டுக்கு போறத நிறுத்திடாதீங்க. அந்த கிச்சன்ல ஒரு நாள் 20 பேருக்கு பொங்கி பாருங்க. எங்க தெருவுல அப்படி ஒரு வீட்ல சாதம் வடிக்க தோதுப்படலன்னு இன்னமும் கொல்லப்பக்க கொட்டாயிலதான் ஒல வைக்கறாங்க. புருஷன் சிங்கப்பூர்ல, ஆளு இங்க, அந்தம்மா சாயங்காலம் மாடில நின்னு எந்த பக்கம் பாக்குதுன்னும் ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: ஆசையே இல்லன்னா மனுஷன் எப்படிங்க முன்னேறுவான்? போதும்னு சொல்றது சோம்பேறிங்க பேச்சுன்னு எங்க மேனேஜர் சொல்றாரு. எனக்கு 26 வயசு, பைக் டியூ போன் டியூ எல்லாம் ஓடுது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தம்பி, ஒங்க மேனேஜர் சொல்றதுல பாதி சரிதான். யாரோ ஆசப்படாம மேட்டூர் டேம் வந்துருக்காது, 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்சாங்க, அது இல்லன்னா டேம் தண்ணி தொறக்கற ஜூன் 12ன்னு ஒரு தேதிய நம்ம பக்கத்து ஜனங்க வாயப் பொளந்துகிட்டு எதிர்பாத்துகிட்டு இருக்க மாட்டோம். ஆனா அதே டேம பாருங்க, 120 அடி கணக்கு. 120 வந்துருச்சுன்னா மேக்கொண்டு வர்ற தண்ணிய 16 கண் மதகு வழியா அப்படியே வெளில விட்டுருவாங்க, கட்டறப்பவே அத சேத்துதான் கட்டியிருக்காங்க. ஒங்க போன் டியூ பைக் டியூ கணக்குல 120 எங்கன்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்கீங்களா? இல்லன்னா சம்பளம் 20 ஆயிரமானாலும் 2 லட்சமானாலும் டியூதான் ஓடும், நீங்க பின்னாடியே ஓடுவீங்க. வேலைய நல்லா செய்யணும்னு ஆசப்படுங்க, அது எத்தன இருந்தாலும் தப்பில்ல. செஞ்சேன்னு ஊருக்கு காட்டறதுக்கு வாங்கற ஆச இருக்கு பாருங்க, அது யூரியா மாதிரி, ஒரு மூட்ட சேத்து போட்டா பயிரு கருகருன்னு பாக்க ஜோரா இருக்கும், அப்பறம் புகையான் பூச்சி வரும், காத்தடிச்சா சாஞ்சுரும்.

கேள்வி: பரண்ல நாலு சாக்கு எவர்சில்வர் பாத்திரம் கெடக்குது, என் மாமியார் காலத்துது, யாரும் தொடறதில்ல. எல்லாத்தையும் எடைக்கு போட்டுட்டா மனசு லேசாகும்னு பேத்தி போன்ல வீடியோ காட்டுறா. போடலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: போட்டுட்டு அந்த காசுல புதுசா எவர்சில்வர் வாங்க மாட்டேன்னு பெரிய கடத்தெரு பாத்திரக்கடை முன்னாடி நின்னு சத்தியம் பண்ண முடியும்னா போடுங்கம்மா.

கேள்வி: 2018 கஜா புயல்ல 140 தென்ன மரம் போச்சு. மறுபடி வச்சு இப்ப காய்க்கவும் ஆரம்பிச்சுருச்சு, பசங்களும் நல்லா இருக்காங்க. ஆனாலும் தோப்புக்கு போனா பழைய மரம் நின்ன எடந்தான் கண்ணுக்கு தெரியுது. இதுவும் ஆசதானா, இத எப்படி விடுறது? (பட்டுக்கோட்டை பக்கம், வயசு 71)

பதில்: அண்ணே, இது ஆச இல்ல. நவம்பர் 16 விடியக்காலம் நான் எங்க ஊர்லதான் இருந்தேன், எங்க பக்கம் வாழையோட போச்சு, ஒங்க பக்கம் ஓரத்தநாடு பேராவூரணி எல்லாம் பத்து நாள் கழிச்சு வந்து பாத்தப்போ பேச்சு வரல. நெட்ட ரகம்னா வச்சு ஆறேழு வருஷம் ஆகும் பாள விட, அந்த வருஷமெல்லாம் ஒங்க வயசுல போச்சு. செத்தவங்கள நெனக்கறதுக்கு பேரு ஆச இல்லண்ணே, மரத்துக்கும் அப்படித்தான். விடணும்னு எந்த கட்டாயமும் கெடையாது. புதுசு காய்ச்ச மொத எளநிய நீங்க குடிச்சீங்களா, இல்ல கோயிலுக்கு குடுத்தீங்களா, அதப்பத்தி நீங்க ஒண்ணுமே எழுதல. அடுத்த லெட்டர்ல எழுதுங்க.

கேள்வி: ஆசைய விட்டவங்கன்னு இமயமலைல இருக்கறவங்களையே சொல்றாங்க. நம்ம பக்கத்துல யாரும் இல்லையா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: நல்லா கேட்டீங்க, நீங்க இருக்கற எடத்துலேந்தே சொல்லலாம். திருவாவடுதுறைல அரச மரத்தடில திருமூலர் உக்காந்துருந்தாருன்னு சொல்லுவாங்க, காவிரிப்பூம்பட்டினத்துல கப்பல் வியாபாரத்த அப்படியே விட்டுட்டு எழுந்து போனவருன்னு பட்டினத்தார சொல்லுவாங்க, தாயுமானவருக்கு பூர்வீகம் வேதாரண்யம். இத்தன பேரு இந்த பச்ச பூமிலேந்து போயிருக்காங்கன்னா, ஒண்ணும் இல்லாத ஊர்ல போதும்னு சொல்றது பெருசில்ல, நெல்லும் வாழையும் ரெண்டு கர முட்டவும் வெளையற ஊர்லதான் அந்த வார்த்தைக்கு வெலைன்னு எனக்கு தோணும், இது என் சொந்த கணிப்புதான்.

இதுல எனக்கு புடிச்சது அப்பர். திருப்புகலூர்ல கோயில் பிரகாரத்துல உழவாரத்தால புல்லு செதுக்கிகிட்டு இருந்தாராம், அங்கங்க பொன்னும் மணியுமா மின்னிச்சாம். அவரு கையால கூட தொடல, உழவாரத்தாலயே புல்லு பருக்கைக் கல்லோட சேத்து வாரி கொளத்துல எறிஞ்சாராம். எனக்கு எறிஞ்சது பெருசா படல, எறிஞ்சுட்டு அந்த மனுஷன் கண்ண மூடி தியானத்துல உக்காந்தாரா, ஊர கூட்டி சொன்னாரா, ஒண்ணும் இல்ல, பாக்கி புல்ல செதுக்க ஆரம்பிச்சுருக்காரு. முழு வேல நாள் அது அவருக்கு.

அந்த கோயில சுத்தி அகழி மாதிரி தண்ணி நிக்கும், போன மாசம் போனப்போ நெறயவே கெடந்துச்சு. தரிசனம் முடிச்சுட்டு நானும் கரையோரம் கொஞ்ச நேரம் நின்னு எட்டி எட்டி பாத்தேன். எங்க வீட்டம்மா என்னத்த தேடுறீங்கன்னு கேட்டாங்க, மீன பாக்கறேன்னு சொல்லிட்டேன்.