பழைய ஃபிரிட்ஜ், ஃபேன், கிரைண்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், ஃபேன், கிரைண்டர், கீசர் பற்றிக் கேளுங்கள். திருச்சியில் இவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். டிவி, செல்போன் எனக்குத் தெரியாது. வாங்கி எத்தனை வருடம் என்பதோடு நிறுத்தாமல், இப்போது என்ன கோளாறு என்றும் எழுதுங்கள்.

கேள்வி: 11 வருட டபுள் டோர் ஃபிரிட்ஜ். மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே பால் திரிந்துபோகிறது. மெக்கானிக் கேஸ் இறங்கிவிட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார். புதிது வாங்கிவிடலாமா அண்ணா?

இரண்டும் வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ஓட்டை இல்லாமல் இறங்காது. நிஜமாகவே இறங்கியிருந்தால் மேலேயும் ஒழுங்காக ஐஸ் பிடிக்காது.

நீங்கள் சொல்வது டிஃப்ராஸ்ட் கோளாறு போல இருக்கிறது. ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் ஒரு காயில் (குளிரும் சுருள் குழாய்) இருக்கும். அதில் படியும் பனியை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டர், அதை இயக்க ஒரு டைமர் அல்லது சென்சார். இதில் ஒன்று போனால் பனி கெட்டியாகிக் காற்றுப் பாதையை அடைத்துவிடும், குளிர் கீழே இறங்காது. பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். அடியில் பழைய துணி போடுங்கள், தண்ணீர் வரும். திரும்பப் போட்டதும் கீழே நன்றாகக் குளிர்ந்து, சில நாளில் மறுபடி அதே கோளாறு வந்தால் டிஃப்ராஸ்ட்தான். அது சின்னச் செலவு, தாராளமாகச் சரிசெய்யுங்கள்.

எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தெர்மோஸ்டாட், ரிலே, கதவு கேஸ்கட் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்), டிஃப்ராஸ்ட் எல்லாம் குழாய்க்கு வெளியே உள்ளவை; 15 வருட ஃபிரிட்ஜுக்கும் மாற்றலாம். கம்ப்ரசர் போனது, உள்ளே புதைந்த குழாயில் ஓட்டை என்றால் அது வேறு கதை. 10 வருடம் தாண்டிய ஃபிரிட்ஜில் அதற்குப் பணம் போடாதீர்கள்.

கேள்வி: 17 வருட சிங்கிள் டோர், ஒரு குறையும் இல்லை. கரண்ட் மிச்சமாகும், மாற்று என்கிறார்கள்.

அளந்து பாருங்கள். ஊருக்குப் போகும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் மட்டும் ஓட, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு போங்கள். திரும்பியதும் பார்த்து நாள் கணக்கால் வகுங்கள். அந்த அளவுக்குப் புது ஃபிரிட்ஜ் நாளுக்கு 1 யூனிட்டுக்குள்தான் எடுக்கும். கதவே திறக்காதபோதும் உங்களுடையது 2 யூனிட்டைத் தாண்டினால் மாற்றுவது லாபம். 1-ஐ ஒட்டி இருந்தால் அது பாட்டுக்கு ஓடட்டும்.

கேள்வி: பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. கரண்ட் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா?

முதலில் கண்டன்சரை (ஃபேனில் உள்ள கெபாசிட்டரை) மாற்றுங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், சில பத்து ரூபாய்தான். மெதுவாகச் சுற்றும் ஃபேன்களில் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

பிஎல்டிசி எப்போது லாபம் என்பது அது ஓடும் நேரத்தைப் பொறுத்தது. பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேனில் இரண்டு மாத பில்லுக்கு 40 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 200 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டரை வருடத்தில் விலையை எடுத்துவிடும். 3 மணி நேரம் ஓடும் விருந்தினர் அறைக்கு அதே ஃபேன் 12 வருடம் எடுக்கும். உங்கள் பில்லே இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு இது பெரிய விஷயம், தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

குறுக்கே மதுரை எலக்ட்ரீஷியன் ஒருவர்: அண்ணே, கணக்கு சரி. ஆனால் வாரண்டி முடிந்ததும் போர்டு போகிறது, இங்கே போர்டு கிடைப்பதில்லை. எங்கப்பா மாட்டிய ஃபேன் 40 வருடமாக ஓடுகிறது.

போர்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை தம்பி. இடி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஊர்களில் நானும் பார்க்கிறேன். அதனால்தான் வாரண்டி நீளமாக உள்ளதை, சர்வீஸ் உங்கள் ஊரிலேயே உள்ளதை வாங்கச் சொல்கிறேன். ஆனால் பழைய ஃபேன் ஓடுகிறது என்பது வேறு, என்ன எடுத்துக்கொண்டு ஓடுகிறது என்பது வேறு. இரண்டு தடவை காயில் கட்டிய ஃபேனைத் தொட்டுப் பாருங்கள், மோட்டார் கொதிக்கும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பில்.

மறுபடி அவரே: இரண்டாம் நம்பரில் வைத்தால் பழைய ஃபேனும் 75 வாட் எடுக்காதே?

நல்ல கேள்வி. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் எடுக்காது, என் கணக்கு முழு வேகத்துக்குத்தான். குறைந்த வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு லாபம் சுருங்கும். பழைய பெட்டி ரெகுலேட்டர் என்றால் மிச்சமாக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு அந்தப் பெட்டியைச் சூடாக்கவே போகும்; அதை மட்டும் மாற்றினாலே பலன் உண்டு. பிஎல்டிசி வாங்குபவர்கள் அந்த லைனில் உள்ள ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். போர்டு சீக்கிரம் போவதற்கு அதுவும் ஒரு காரணம், நீங்களும் மாட்டும்போது பார்த்துச் செய்யுங்கள் தம்பி.

கேள்வி: கீசர் குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. 8 வருடம் ஆகிறது, மாற்றும் நேரமா?

இப்போதே ஆஃப் செய்யுங்கள். யாரும் அதில் குளிக்க வேண்டாம். லேசான ஷாக் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் ஹீட்டர் காயில் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிகிறது, எர்த்தும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். புது கீசர் வாங்கி அதே பிளக்கில் மாட்டினால் ஆபத்து அப்படியே இருக்கும். முதலில் எர்த்தைப் பாருங்கள், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போடுங்கள், காயில் மாற்றுவது அப்புறம். டேங்கே ஒழுகினால்தான் கீசரை மாற்ற வேண்டும்.

கேள்வி: 9 வருட ஃபிரிட்ஜ், கேஸ் இறங்கிவிட்டதாம்...

முதல் பதிலைப் படியுங்கள். ஓட்டை எங்கே என்று காட்டாமல் கேஸ் நிரப்புபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பின்னால் உள்ள ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் வாயு, தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டும்.

கேள்வி: 13 வருட ஏசிக்கு ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் போடுகிறேன்.

எங்கோ ஓட்டை, பெரும்பாலும் காயிலில். அந்த வயது ஏசி என்றால் பெரும்பாலும் ஆர்22 ஆக இருக்கும், அந்த வாயுவே வழக்கொழிந்து வருகிறது. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எந்த கம்பெனி ஃபிரிட்ஜ் நல்லது?

உங்கள் ஊரில் யாருக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறாரோ அது. 10 வருட வாரண்டி என்றால் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்; கேஸ், கூலி தனி. கார்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கோயம்புத்தூர் கிரைண்டர், அம்மா காலத்தது. இட்லி மாவுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தூக்கிப் போடவா?

போடாதீர்கள். உளுந்தை விரலில் தேய்த்துப் பார்த்தால் நொய்யாக இருக்கிறதா? கல் வழுவழுப்பாகிவிட்டது. குழவியையும் அடிக்கல்லையும் கொத்தச் சொல்லுங்கள், தளர்ந்த பெல்ட்டை மாற்றுங்கள். கொத்தியதும் முதல் இரண்டு தடவை பழைய அரிசியோ தவிடோ போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள், மாவில் கல்தூள் வராது. கல் விரிசல் விட்டிருந்தால் மட்டும் வேறு வாங்குங்கள்.

கேள்வி: புது ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. பழையதை மாடியில் தண்ணீருக்கு வைக்கலாமா?

வைத்தால் மிச்சமாவது எல்லாம் அங்கே போய்விடும். வெயில் படும் இடத்தில் கம்ப்ரசர் ஓயாது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 10 வருட ஃபிரிட்ஜ். குளிர்ச்சி குறைவு, கேஸ்...

கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கட்டை மாற்றுங்கள்.