பால்மரம் வெட்டுக்குப் பழகுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டுக்கு அருகே நான்கு ஏக்கரில் ரப்பர் வைத்திருக்கிறோம். ஆறு வயது மரங்கள். போன மாதம்தான் பால் எடுக்கப் பட்டையில் வெட்டுக்கோடு திறந்தோம். முதல் நாலைந்து வெட்டில் பால் பிடிக்கும் மங்கின் அடி நனைந்ததோடு சரி. இப்போது பால் கூடி வருகிறது. தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய என் மாமியார், "மரம் வெட்டுக்குப் பழகிவிட்டது" என்கிறார். மரம் எப்படிப் பழகும்? இனித் தினமும் வெட்டி, மருந்தும் பூசலாம் என்கிறார் என் கணவர். சில மரங்களில் கோட்டின் நடுவே பால் வராமல் காய்ந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் மாமியார் சொன்னது சரி. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த எச்.என். ரிட்லி 1890-களில் கண்டதும் இதைத்தான்: புது இடத்தைக் கொத்துவதைவிடப் பழைய வெட்டையே மெல்லச் சீவித் திறந்தால் பால் கூடும். உங்கள் பக்கத்துக் குவாலா கங்சாரில் 1877-இலேயே ரப்பர்க் கன்று நட்டிருந்தாலும், ரிட்லிக்கு முன்பு பலர் மரத்தைக் கண்டபடி வெட்டிக் கெடுத்தவர்கள்தான்.

உளி பட்டையைக் கிழித்ததும் செல்களின் சவ்வு உடைகிறது. அந்தச் சவ்வில் உள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிறது. சாதாரண நாளில் காயத்துக்கான மரபணுக்களின் மேல் சில புரதங்கள் பூட்டுப் போல உட்கார்ந்திருக்கும். ஜாஸ்மோனிக் அமிலம் பெருகியதும் மரமே அந்தப் பூட்டுப் புரதங்களைச் சிதைத்துவிடுகிறது. அடங்கிக் கிடந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. செய்தி காயத்தோடு நிற்பதில்லை. தக்காளியில் ஓர் இலையைப் பூச்சி கடித்தால், கடிபடாத இலையும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தைச் சேர்க்கிறது என்று 1972-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

பால்மரத்தில் அப்படி விழித்துக்கொள்ளும் மரபணுக்களில் ஒன்று ஹெவீன் என்ற புரதத்துக்கானது. ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வெட்டை அடைப்பது அதன் வேலை. கோட்டில் உறையும் ஒட்டுப்பாலில் அதற்கும் பங்கு உண்டு. சும்மா இருந்த மரத்தின் பால் குழாய்கள் முதல் வெட்டில் தயாராக இருப்பதில்லை. அடுத்தடுத்த வெட்டில்தான் சர்க்கரையை இழுத்துப் பாலாக்கும் வேலை சூடுபிடிக்கிறது. மாமியார் சொல்லும் பழக்கம் இதுதான்.

ஆனால் உங்கள் கணவரின் யோசனையை நான் ஏற்கவில்லை. மங்கில் விழுவது வெறும் ரப்பர் அல்ல, உயிருள்ள செல்லின் உட்பொருள். புரதமும், மரபணு எழுதிக்கொடுத்த கட்டளைகளும் அதோடு வெளியேறுகின்றன. இழந்ததை மறுபடி கட்ட இரண்டு மூன்று நாள் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுங்கள். இரண்டு நாள் விட்டு வெட்டினால் இன்னும் நல்லது. மருந்து என்று கடையில் தருவது எத்திஃபோன். பட்டைக்குள் எத்திலீன் வாயுவை விடுவித்து, வெட்டு அடைபடுவதைத் தள்ளிப்போடும். அதனால் பால் நெடுநேரம் வடியும். மரத்தின் உற்பத்தியை அதே அளவுக்கு அது கூட்டிவிடாது. கடன் வாங்கிச் செலவழிப்பது மாதிரி. புதுக் கோட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

காய்ந்த இடத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன், கை பழகாமல் உளி அங்கே மேலாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே ஓர் ஆணி நுனியால் உள்பட்டைவரை லேசாகக் குத்துங்கள். பால் கசிந்தால் மரத்தில் குறையில்லை, ஆழம்தான் போதவில்லை. அப்போதும் மரக்கட்டையைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுத்தான் வெட்ட வேண்டும். தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். குத்தியும் கசியவில்லை என்றால் அது பட்டை வறட்சி. அதற்கு மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். அந்த மரத்துக்குச் சாயக்கோடு போட்டு வைத்து, சில மாதம் உளி படாமல் விடுங்கள். பிறகு மறுபடி ஆணியால் குத்திப் பாருங்கள்.