பாய்மரப் படகின் மேல்தளத்தில் வளையும் சோலார் பேனலை நேரடியாக ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் அடிப்பக்கம் முழுக்கப் பசை தடவி ஒட்டாதீர்கள். காற்றுப் போக வழியில்லாவிட்டால் பேனல் கொதிக்கும். சிலிக்கான் செல்லில் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். 65 டிகிரி ஆனால் 12 முதல் 16 சதவீதம் போச்சு. உள்ளே குழாய் குழாயாக இருக்கும் பாலிகார்பனேட் ஷீட்டை இடையில் வையுங்கள். அப்புறம் கழற்றி மாற்றவும் சுலபம். கண்ணாடிப் பேனல் அளவுக்கு வளையும் பேனல்கள் உழைக்காது, மாற்றும் நாள் வரும்.

அடுத்தது பாய்மர நிழல். செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை, ஓரிரண்டில் நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகச் சரியும். அதனால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) நல்லது. பேட்டரி அருகே ஃபியூஸ் கட்டாயம். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, பேனல்மேல் நடக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.