பெட்டியில் ராணித் தேனீ இருக்கிறதா, போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ராணியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், முட்டையைத் தேடுங்கள். தேனடை கட்டிய மரச் சட்டத்தை எடுத்து, வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறைகளின் அடிவரை விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். அடியில் நடுவே, சிறு வெள்ளை நூல்துண்டு போல ஒற்றை முட்டை நின்றால் கவலை வேண்டாம். முட்டை பொரிய 3 நாள் ஆகும். ஆக, 3 நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது.

ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால் சிக்கல். பெரும்பாலும் அது பணித் தேனீக்கள் இட்டது. அதிலிருந்து ஆண் தேனீதான் வரும். (புது ராணியும் தொடக்கத்தில் சில நாள் இப்படித் தடுமாறும்.)

முட்டையே இல்லையா? உடனே புது ராணி வாங்கிவிடாதீர்கள். இனச்சேர்க்கை முடியாத இளம் ராணி உள்ளே இருக்கலாம். வேறொரு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை, அந்த ராணி ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்து, இதில் வையுங்கள். 4, 5 நாள் கழித்துப் பாருங்கள். புது ராணியை வளர்க்க, நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகளைக் கட்டியிருந்தால் ராணி இல்லை. கட்டவில்லையென்றால் அநேகமாக இருக்கிறது. இரைச்சலை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. நான் அதை நம்புவதில்லை.